பளபளப்புக்கு அடியில் இருக்கும் நிறம்

(புகைப்பட ஆர்வலர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போலரைசர் ஃபில்டர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கருநீல வானமும் அதில் வெளேரென்று மிதக்கும் மேகங்களும்தான். கடைக்காரர் காட்டும் மாதிரிப் படம் பெரும்பாலும் அதுதான், பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதும் அதுதான். அந்த ஆசையில் வாங்குகிறவர் சில நாள் வானத்தையே சுட்டுத் தள்ளுகிறார். அலுத்துப்போனதும் ஃபில்டர் பையின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. நல்ல கருவி ஒன்று இப்படி வீணாவது வருத்தத்துக்குரியது. வானத்துக்கு நீலம் கூட்டுவது போலரைசரின் சின்ன வேலை. நீர்ப்பரப்பிலும், நனைந்த இலையிலும், ஈரப் பாறையிலும், கண்ணாடியிலும் படிந்து கிடக்கும் வெள்ளை மினுக்கத்தை அகற்றி, அடியில் இருக்கும் நிறத்தை வெளியே கொண்டுவருவதுதான் அதன் பெரிய வேலை. இன்றைய பேச்சு இந்தக் கட்சியைத்தான் பேசப்போகிறது.

ஃபிலிம் காலத்தில் புகைப்படக்காரரின் பையில் பல ஃபில்டர்கள் இருந்தன: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்யும் இளநீலம், காவி. இவற்றின் வேலையை இன்று கணினி எடுத்துக்கொண்டுவிட்டது. போலரைசரின் வேலையை அதனால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. காரணம் எளியது. குளத்து நீரின் மேல் வான வெளிச்சம் வெள்ளையாக விழுந்து அடியில் நீந்தும் மீனை மறைத்துவிட்டால், சென்சாரில் அந்த மீன் பதிவாவதே இல்லை. மென்பொருள் ஒரு மீனை வரைந்து வைக்கலாம். அது அந்தக் குளத்து மீன் ஆகாது.

இந்தக் கருவியின் கதை பாரிஸ் நகரத்து ஜன்னல் ஒன்றில் தொடங்குகிறது. 1808ஆம் ஆண்டு எத்தியென் லூயி மாலுஸ் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர், ஐஸ்லாந்துப் படிகம் எனப்படும் கால்சைட் துண்டைக் கண்ணில் வைத்து எதிரே இருந்த லக்சம்பர்க் அரண்மனையைப் பார்த்தார். மாலைச் சூரியன் அரண்மனையின் ஜன்னல் கண்ணாடிகளில் பட்டுத் தெறித்துக்கொண்டிருந்தது. அந்தப் படிகம் எதையும் இரண்டாகக் காட்டும் என்பது டேனிஷ் அறிஞர் பார்த்தோலின் எழுதியதிலிருந்து, அதாவது 1669இலிருந்தே தெரிந்த விஷயம். மாலுஸ் கண்டது வேறு. படிகத்தைச் சுழற்றியபோது ஜன்னலின் இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்கி மற்றொன்று பிரகாசமானது; மேலும் சுழற்றினால் இரண்டும் இடம் மாறின. கண்ணாடியில் பட்டுத் திரும்பிய ஒளி, நேராக வரும் சூரிய ஒளியிலிருந்து ஏதோ ஒரு வகையில் வேறுபட்டிருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. இன்று லென்ஸின் முன்னால் வளையத்தைத் திருப்புகிறவர் செய்வதும் மாலுஸ் செய்த அதே சோதனைதான்.

அந்த வேறுபாடு என்ன? ஒளி போகும் திசைக்குக் குறுக்காக அதிர்கிறது. சூரியனிலிருந்து நேரே வரும் ஒளியில் அந்த அதிர்வு எல்லாப் பக்கமும் இருக்கும். நீரிலோ கண்ணாடியிலோ சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது, அந்தப் பரப்புக்கு இணையான அதிர்வே மிகுந்திருக்கும். பள்ளிப் பாடநூல் இதைத் தளவிளைவு என்கிறது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கயிற்றை நுழைத்து ஆட்டினால், கம்பிகளின் போக்கில் எழும் அலை கடந்து போகும், குறுக்கே எழும் அலை தடைப்படும். போலரைசர் ஒளிக்குச் செய்வது ஏறக்குறைய இதுதான். ஒரு திசை அதிர்வை விட்டு மற்றதைத் தடுக்கிறது. தடுக்கும் திசையும் மினுக்கத்தின் திசையும் ஒன்றாகும்படி வளையத்தைத் திருப்பினால் மினுக்கம் போய்விடும்.

எந்தக் கோணத்தில் முழுதாகப் போகும் என்பதை 1815இல் டேவிட் ப்ரூஸ்டர் விதியாக வகுத்தார். நீருக்குச் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 53 டிகிரி, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 56 டிகிரி. புகைப்படக்காரருக்குப் புரியும் கணக்காகச் சொன்னால், நீர்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கேமரா இருந்தால், கரையிலிருந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர் தள்ளியுள்ள நீரில்தான் பளபளப்பு முழுக்க விலகும். காலடியில் உள்ள நீரிலும் தொலைவில் உள்ள நீரிலும் பாதிப் பலன்தான் கிடைக்கும். “ஃபில்டர் போட்டும் ஏரி அப்படியேதான் இருக்கிறது” என்று குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மிகத் தூரத்து நீரையோ நேர் கீழே உள்ள நீரையோ பார்த்துக்கொண்டிருப்பார்கள். நின்ற இடத்தில் உட்கார்ந்து பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

போலரைசரின் பெரிய வேலை நீரில்தான் என்பதற்கு ஒரு புகைப்படக்காரரைவிடப் பெரிய சாட்சி இருக்கிறார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன். 1921இல் ஆக்ஸ்ஃபர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போய்விட்டு ‘நர்குண்டா’ என்ற கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைப் பிடித்து நிறுத்தியது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது அன்று பெரிய பெயராக இருந்த ராலே பிரபுவின் கருத்து. ராமனுக்கு அது ஒப்பவில்லை. அவரிடம் நிக்கல் பட்டகம் ஒன்று இருந்தது. அதுவும் ஒரு போலரைசர்தான்; எடின்பரோவில் வில்லியம் நிக்கல் என்பவர் 1828இல் கால்சைட்டை வெட்டி ஒட்டிச் செய்த வடிவம். கப்பல் தளத்தில் நின்று, ப்ரூஸ்டர் சொன்ன கோணத்தில் கடலைப் பட்டகத்தின் வழியே பார்த்து, நீரில் விழுந்திருந்த வானத்தின் பிரதிபலிப்பை அணைத்தார். பிரதிபலிப்புதான் நீலத்துக்குக் காரணம் என்றால் அதை எடுத்ததும் நீலம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. நீலம் நீருக்குள்ளிருந்து வருகிறது, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் போய்விட்டது.

அந்தக் கேள்வி அவரை விடவில்லை. திரவங்களில் ஒளி சிதறுவதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1928 பிப்ரவரியில் கொல்கத்தாவில் அவரும் கே.எஸ். கிருஷ்ணனும் புதிய சிதறலைக் கண்டபோது, அது வெறும் ஒளிர்வு அல்ல என்று தெளிவதற்கு அந்த ஒளியில் இருந்த வலுவான தளவிளைவும் ஒரு சான்றாக இருந்தது. 1930இல் நோபல் பரிசு வந்தது. ஒரு நீர்ப்பரப்பின் மினுக்கத்தை எடுத்துவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்த பார்வைக்கு இவ்வளவு பலன் உண்டு.

நிக்கல் பட்டகம் சின்னது, விலை கூடியது. லென்ஸின் முன்னால் மாட்டும் அளவுக்குப் பெரிதாகக் கிடைக்காது. அகலமான தகடாகப் போலரைசர் கிடைத்த கதையின் தொடக்கம் சற்று விசித்திரமானது. 1852இல் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர் ஹெராபத்தின் மாணவர் ஒருவர், குயினைன் தரப்பட்ட நாயின் சிறுநீரில் அயோடின் விட்டபோது சிறுசிறு பச்சைப் படிகங்கள் உண்டாயின. நுண்ணோக்கியில் பார்த்த ஹெராபத், படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்த இடங்கள் கறுத்திருப்பதைக் கண்டார். அவை ஒளியைத் தடுக்கும் போலரைசர்கள் என்று விளங்கிற்று. ஆனால் படிகங்கள் மிக மெல்லியவை. பெரிதாக வளர்க்கப் பலர் முயன்றும் கைகூடவில்லை. அமெரிக்காவில் எட்வின் லேண்ட் என்ற இளைஞர் பிரச்சினையைத் திருப்பிப்போட்டார். ஒரு பெரிய படிகம் எதற்கு? கோடிக்கணக்கான நுண்படிகங்களை ஒரே திசையில் வரிசைப்படுத்திப் பிளாஸ்டிக்கில் பதித்தால் போதும் என்று கண்டு 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எதிரே வரும் காரின் முகப்பு விளக்கு ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யாமல் தடுப்பதுதான் அவர் கண்ட கனவு. கார் நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. முதலில் கை கொடுத்தது புகைப்பட உலகம்: 1934இல் கோடக் நிறுவனம் கேமரா ஃபில்டருக்காக அவரோடு ஒப்பந்தம் செய்தது. 1937இல் போலராய்டு நிறுவனம் பிறந்தது. அடுத்த ஆண்டே படிகமே இல்லாத முறை வந்துவிட்டது: பாலிவினைல் ஆல்கஹால் தாளை ஒரு திசையில் இழுத்து நீட்டி அயோடினில் ஊறவைப்பது. நம் கையில் உள்ள ஃபில்டரின் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே இருப்பதும், கணினித் திரையில் ஒட்டியிருப்பதும் அந்த வழியில் வந்த தாள்தான்.

இனிக் கடைக்குப் போவோம். அங்கே காதில் விழும் முதல் இரண்டு சொற்கள் லீனியர், சர்குலர். சர்குலர் போலரைசரைச் சுருக்கமாக சிபிஎல் என்பார்கள். லீனியரில் ஒரு போலரைசர் தாள் மட்டும் உண்டு. சர்குலரில் அதற்குப் பின்னால், லென்ஸைப் பார்த்த பக்கத்தில், கால் அலைத் தட்டு என்ற இன்னொரு அடுக்கு இருக்கும். மினுக்கத்தை வடிகட்டிய பிறகு ஒளியின் அதிர்வைச் சுழல் வடிவுக்கு மாற்றி உள்ளே அனுப்பும். எஸ்எல்ஆர் கேமராக்களில் ஒளி அளவியும் ஆட்டோஃபோகஸும் பாதி ஒளியை விடும் கண்ணாடி வழியாக வேலை செய்கின்றன. அத்தகைய கண்ணாடி ஒரே திசையில் அதிரும் ஒளியைச் சரியாகப் பங்கிடாது. லீனியர் போட்டால் எக்ஸ்போஷரும் ஃபோகஸும் தடுமாறும். அதற்காக வந்தது சிபிஎல். உள்ளே கண்ணாடி இல்லாத மிர்ரர்லெஸ் கேமராவில் பெரும்பாலும் லீனியரே போதும். படத்தில் கிடைக்கும் பலனில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. கடைகளில் இன்று கிடைப்பது பெரும்பாலும் சிபிஎல்தான், அதையே வாங்கலாம்.

பெட்டியில் எழுதியிருப்பதை நம்பத் தேவையில்லை, கடையிலேயே சோதிக்கலாம். லென்ஸில் திருகும் பக்கம் கண்ணாடியை நோக்கி இருக்குமாறு ஃபில்டரை முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் பிடித்து, அதன் வழியே கண்ணாடியில் தெரியும் ஃபில்டரைப் பாருங்கள். சிபிஎல் என்றால் அது கறுத்துத் தெரியும். பக்கத்தைத் திருப்பிப் பிடித்தால் கறுக்காது. லீனியர் எந்தப் பக்கம் பிடித்தாலும் கறுக்காது. இன்னொரு சோதனை: கடைக்காரரின் எல்சிடி கணினித் திரையையோ கால்குலேட்டரையோ பார்த்து, ஃபில்டரின் முன்பக்கத்தைத் திரைப்பக்கம் வைத்துச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் திரை இருண்டுபோக வேண்டும். நல்ல ஃபில்டரில் அது கிட்டத்தட்டக் கருப்பாகும். மட்டமானதில் ஊதாவோ பழுப்போ கசியும். பிறகு ஒரு வெள்ளைத்தாளை அதன் வழியே பாருங்கள். தாள் சற்று மங்கலாகத் தெரிவது இயல்பு. மஞ்சளோ பச்சையோ தட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஒளி இழப்பு என்பதும் விலையோடு சேர்த்து எண்ண வேண்டியது. வழக்கமான போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியை விழுங்கும். இரண்டு ஸ்டாப் என்றால் 1/60 நொடியில் எடுத்த படத்துக்கு 1/15 நொடி வேண்டும். கையில் பிடித்து எடுப்பவருக்கு இது பெரிய தண்டம். ஒரு ஸ்டாப் அளவே இழக்கும் புதிய வகைகள் வந்துவிட்டன; மழைக்காடு, அருவி ஓரம் போன்ற இருட்டான இடங்களில் வேலை செய்கிறவருக்கு அவற்றின் கூடுதல் விலை நியாயமானது. கேஸ்மன் என்று குறித்திருக்கும் ஃபில்டர்களில் போலரைசர் தாளின் ஓரத்தை ஈரம் புகாமல் அடைத்திருப்பார்கள். கடலோர ஊர்களின் உப்புக்காற்றிலும் மழைநாளிலும் பயன்படுத்துவோருக்கு அது வீண்செலவு அல்ல. வளையம் பித்தளையாக இருந்தால் லென்ஸோடு இறுகிச் சிக்கிக்கொள்வது குறைவு. பழையது வாங்கினால் விளிம்பைச் சுற்றிக் குமிழியோ மஞ்சளோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். உள்தாள் பிரியத் தொடங்கியதன் அடையாளம் அது. வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் ஃபில்டரை விட்டுவிட்டால் நல்ல தாளும் அந்தக் கதிக்கு ஆளாகும்.

அளவு விஷயத்தில் ஒரு சிக்கனம் உண்டு. லென்ஸின் முன்வளையத்தில் குறுக்குக் கோடிட்ட வட்டக் குறிக்குப் பக்கத்தில் 52, 58, 67, 77, 82 என்று இருக்கும் எண்தான் ஃபில்டர் அளவு, மில்லிமீட்டரில். வைத்திருப்பதில் பெரிய லென்ஸுக்கு ஒரு தரமான ஃபில்டர் வாங்கிவிட்டு, சின்ன லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்ளலாம். சின்ன லென்ஸில் ஹூட் மாட்ட முடியாது என்பது இதன் குறை. மூன்று மட்டமான ஃபில்டர்களைவிட நல்லது ஒன்று மேல் என்பதில் சந்தேகமில்லை. டெலிஃபோட்டோ லென்ஸில் மட்டமான கண்ணாடி படத்தின் கூர்மையையே கெடுத்துவிடும்.

மாட்டியாயிற்று, எப்படிப் பயன்படுத்துவது? காலை வெயிலில் ஒரு தாமரைக்குளத்தின் கரையைப் பார்ப்போம். ஃபில்டர் இல்லாத கண்ணுக்கு இலைகள் சாம்பல் பூசியதாகத் தெரியும். இலைகளுக்கு நடுவே நீர் இருக்கும் இடமெல்லாம் வெளிறிய வானம். வளையத்தை மெல்லத் திருப்புங்கள். முதலில் இலைகளின் ஒரு பக்கத்து வெள்ளை மங்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் இலையின் நரம்புகள் தெளியும், பச்சை கெட்டியாகும். இன்னும் போனால் நீருக்குள் சரிந்து இறங்கும் தண்டுகளும், அவற்றில் ஒட்டிய பாசியும், அடியில் நிழலாக நகரும் கெளுத்தியும் தெரியும். இவ்வளவும் கால் சுற்றுக்குள் நடந்துவிடும். அதற்கு மேல் திருப்பினால் மினுக்கம் திரும்ப வரத் தொடங்கும்.

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். பலன் உச்சத்தில் இருக்கும் இடமே படத்துக்கு உகந்த இடம் என்று பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மினுக்கம் முழுக்கப் போய்விட்டால் நீர் கறுத்த குழியாகிவிடும், அது நீர் என்பதற்கான அடையாளமே இருக்காது. குளத்தில் கோபுரத்தின் நிழல் விழுந்திருந்தால் அதுவும் காணாமல் போகும். பல படங்களுக்கு உச்சத்திலிருந்து கொஞ்சம் பின்வாங்கிய இடமே சரி. பிரதிபலிப்பே வேண்டும் என்றால் எதிர்ப்பக்கம் திருப்பி அதை இன்னும் அழுத்தமாகக் காட்டவும் முடியும். முகங்களுக்கும் இந்த நிதானம் பொருந்தும். வியர்வைப் பளபளப்பைக் குறைக்கலாம். துடைத்தெடுத்தால் தோலில் உயிர் இருக்காது.

மழை விட்ட பிறகு தேயிலைத் தோட்டத்துக்கோ காட்டுக்கோ போகிறவர்களுக்கு இந்த ஃபில்டரின் முழு வலிமை புரியும். மேகம் மூடிய வானத்தில் போலரைசருக்கு வேலையில்லை என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. தவறு. மூடிய வானத்தின் வெண்மைதான் ஒவ்வொரு ஈர இலையிலும் பூச்சாக விழுகிறது. அதை எடுத்தால் வெயில் இல்லாமலே பச்சை எழும்பும். கணினியில் நிறத்தைக் கூட்டினால் அந்த வெள்ளைக்கும் சேர்த்து நீலம் ஏறும், பச்சை பச்சையாக வராது.

வானத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். சூரியனுக்கு 90 டிகிரி தள்ளியுள்ள வானத்தில்தான் தளவிளைவு மிகுதி. ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டை விரலைச் செங்குத்தாக வைத்துக் கையைச் சுழற்றினால், கட்டை விரல் காட்டும் திசைகளில் எல்லாம் வானம் நன்றாகக் கறுக்கும். சூரியனுக்கு நேர் எதிரிலும் சூரியனை ஒட்டியும் பலன் இருக்காது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அப்போது அடிவானம் சுற்றிலும் ஒரே சீராகக் கறுக்கும். காலையிலும் மாலையிலும் கரும்பட்டை தலைக்கு மேல் வடக்கு தெற்காக ஓடும். 16, 20 மில்லிமீட்டர் போன்ற வைட் ஆங்கிள் லென்ஸில் அந்தப் பட்டை ஒரு பக்கம் மட்டும் அடர்ந்து வானம் திட்டுத்திட்டாகிவிடும். பிறகு அதைச் சமன் செய்வது பெரும்பாடு. பல படங்களை ஒட்டிச் செய்யும் பனோரமாவுக்கும் அதே காரணத்தால் ஃபில்டரைக் கழற்றிவிட வேண்டும். வானவில் விஷயத்தில் தனிக் கவனம் தேவை. அதன் ஒளி பெரும்பகுதி தளவிளைவுக்கு உட்பட்டது. ஒரு பக்கம் திருப்பினால் வில்லின் ஒரு பகுதி அழிந்துபோகும், கால் சுற்று திருப்பினால் அதே பகுதி பளிச்சென்று எழும்.

உலோகத்தின் மினுக்கத்தை இந்த ஃபில்டர் எடுக்காது. எவர்சில்வர் பாத்திரம், குரோமியம் பூசிய கைப்பிடி, முகம் பார்க்கும் கண்ணாடி எதிலும் மாலுஸ் கண்ட விளைவு பெரிதாக நிகழ்வதில்லை. கார் உடலின் வார்னிஷில் நிகழும், அதன் உலோகப் பகுதியில் நிகழாது. விதிவிலக்கு ஒன்று உண்டு: விளக்குகளின் முன்னாலேயே போலரைசர் தாளை மாட்டி, லென்ஸில் உள்ளதை அதற்குக் குறுக்காகத் திருப்பினால் உலோகமும் எண்ணெய் ஓவியமும் மினுக்கமின்றிப் பதிவாகும். ஓவியங்களைப் பிரதியெடுக்கும் அருங்காட்சியகப் புகைப்படக்காரர்களின் முறை அது. விமான ஜன்னல் வழியே எடுப்பவர்கள் ஃபில்டரைக் கழற்றிவிடுவது நல்லது. ஜன்னல் பிளாஸ்டிக்கின் அழுத்தக் கோடுகள் வானவில் நிறத்தில் படமெங்கும் நெளியும்.

கைப்பழக்கத்தில் மூன்று விஷயங்கள். ஒன்று, கேமராவைப் படுக்கையிலிருந்து நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடித்தால் ஃபில்டரும் கூடவே 90 டிகிரி திரும்பிவிடும். உச்சத்தில் இருந்த பலன் பூஜ்யமாகும். ஒவ்வொரு முறையும் மறுபடி திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டு, வளையத்தை இறுகும் திசையிலேயே திருப்பப் பழகுங்கள், முன்னாலிருந்து பார்த்தால் அது கடிகார முள்ளின் திசை. எதிர்ப்பக்கம் திருப்பிப் பழகியவர்களின் ஃபில்டர்தான் கழன்று பாறையில் விழுகிறது. மூன்று, யுவி ஃபில்டரின் மேலேயே போலரைசரைத் திருகாதீர்கள். ஓரங்கள் இருளும், கண்ணாடிகளுக்கு நடுவே புதிய மினுக்கம் கிளம்பும். ஒன்றை எடுக்க மாட்டியது இன்னொன்றைக் கொண்டுவந்தால் என்ன பயன்?

ஃபில்டர் வாங்க ஒரே ஒரு முறைதான் பணம் இருக்கிறது என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: போலரைசரை வாங்குங்கள், இருக்கும் பெரிய லென்ஸின் அளவுக்கு வாங்குங்கள், கடையிலேயே கண்ணாடியிலும் திரையிலும் சோதித்து வாங்குங்கள். வாங்கியதும் முதல் வாரம் வானத்தின் பக்கம் திருப்பாமல் குளக்கரைக்கும் ஆற்றங்கரைக்கும் மழை நின்ற தோட்டத்துக்கும் கொண்டுபோங்கள். படமெடுக்கும் முன் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு சுற்று திருப்பிப் பாருங்கள். எதுவும் மாறவில்லை என்றால் பையிலேயே இருக்கட்டும், அந்தப் படத்துக்கு அது தேவையில்லை.